அளவு தெரியாதவள்

வாரும் பிள்ளை, வாரும். சப்பாத்தை அதில கழட்டிவிடும். கீழ பேஸ்மென்ட் வாடகைக்குப் பாக்க வாறன் எண்டு போனில கதைச்சது நீர்தானே? குரலைக் கேட்டு ஆரோ வயசுபோன மனுசி எண்டெல்லோ நினைச்சன். உம்மட அவர் வரேல்லையோ? வேலையோ? என்ன வேலை, சாப்பாடு டெலிவரியோ? நல்லது. இந்த ஊரில இப்ப பாதிச் சனம் சமைச்சுக்கொண்டு நிக்குது, மற்றப் பாதி அதைக் காவிக்கொண்டு ஓடுது. சாப்பிடுறது ஆர் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

இரும். முதல்ல தேத்தண்ணி குடியும், பிறகு கீழ போய்ப் பாப்பம். பிளேன் டீதான். பால் வாங்கேல்லை, நான் பால் குடிக்கிறதில்லை. சீனி இந்தா, சின்னக் கடதாசிப் பக்கெட்டில இருக்கு, உமக்கு வேண்டியதைப் போடும். கோப்பிக் கடையில சும்மா வைச்சிருக்கிறான், எடுக்கிறதுதானே. எனக்கு வேண்டாம். எனக்குச் சலரோகம், அதோட இண்டைக்கு விரதமும். என்ன, இண்டைக்குப் புதனோ? ஓம், புதன்தான். புதனும் பிடிக்கிறன். முந்தி வெள்ளி மட்டும்தான் பிடிச்சனான். பிறகு செவ்வாயும் பிடிச்சன், திங்களும் பிடிச்சன். என்ர அவர் செத்த பிறகு மனம் அப்பிடிச் சாமிப் பக்கம் போட்டுது.

சரி, நான் முதலே சொல்லிப்போடுறன், பிறகு குறை சொல்லப்படாது. சிகரெட் கூடாது. ராவில லொண்டரி போடக்கூடாது. மீன் பொரிச்சா யன்னலைத் திறக்கவேணும். இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் ஒண்டிருக்கு. சாப்பாட்டுச் சாமான் சும்மா வாங்க ஃபூட் பாங்குக்குப் போற ஆக்களை நான் என்ர வீட்டில வைச்சிருக்க மாட்டன்.

ஏன் முழிக்கிறீர்? தேத்தண்ணி சுடுதோ?

சந்தியில ஒரு சேர்ச் இருக்கெல்லோ, நீர் வந்த பஸ் அதைத் தாண்டித்தான் வந்திருக்கும். ஒவ்வொரு வியாழனும் அதில லைன் நிக்கும். முந்தி நாலு குடிகாரர் நிப்பினம், பாத்திட்டுப் போறனாங்கள். இப்ப போய்ப் பாரும். கார் வைச்சிருக்கிறவன் நிக்கிறான். கழுத்தில ரை கட்டினவன் நிக்கிறான். யூனிவேர்சிட்டிப் பெடியள் காதுக்குள்ள எதையோ செருகிக்கொண்டு நிக்கினம். எங்கட சனமும் நிக்குது, தொப்பியை மூக்குமட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு. தொப்பி போட்டா எங்களுக்குத் தெரியாதாம். காணியை வித்து, தாலிக்கொடியை வித்து, கனடா கனடா எண்டு வந்த சனம், ஒரு பாண் துண்டுக்குக் குளிருக்குள்ள நிக்குது. எனக்குப் பாக்க அரியண்டமா இருக்கும்.

கேட்டா என்ன சொல்லுகினம்? விலை ஏறிப்போச்சாம். வட்டி ஏறிப்போச்சாம். ஃபக்டரிகள் பூட்டுறானாம். எனக்கும்தான் ஏறினது! எனக்கு மட்டும் வங்கிக்காரன் சும்மா விட்டவனோ? நான் லைனில நிண்டனானோ?

இருபத்தாறு வருசம் பிஸ்கட் ஃபக்டரியில நிண்டனான் பிள்ளை. இந்த வீட்டுக் கடன் ஒருக்கா முடிஞ்சது, தெரியுமோ? முடிஞ்ச அண்டைக்குக் கோயில்ல பொங்கிப் படைச்சனாங்கள். பிறகு மகன் பிசினஸ் தொடங்கப் போறன் எண்டான். வீட்டை ஈடு வைச்சுத் திரும்பக் காசெடுத்துக் குடுத்தம். பிசினஸ் போட்டுது, அவன் கல்கரிக்குப் போட்டான், கடன் மட்டும் இஞ்ச நிக்குது. அவனைக் குறை சொல்லக்கூடாது. நல்ல பிள்ளை. சரியான பிசி, அதுதான் போன் எடுக்கிறேல்லை. வாற தைப்பொங்கலுக்குக் கட்டாயம் எடுப்பான்.

வயசுபோன ஆக்களுக்கு அரசாங்கத்தில இன்னொரு காசும் இருக்காம், எழுதிப்போட்டா வருமாம். இராசமலர் எண்டு கோயில்ல ஒருத்தி, அவள்தான் சொன்னவள். "அக்கா, நான் நிரப்பித் தாறன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கோ." நான் கேட்டன், "என்னைப் பாத்தா உனக்குப் பிச்சைக்காரி மாதிரி இருக்கோ?" எண்டு. பென்ஷன் வேற. அது என்ர உழைப்பு. மற்றது கை நீட்டுறது.

கோயில் அன்னதானமும் அப்பிடித்தானே எண்டு அவளே ஒருநாள் கேட்டாள். விசரி. அது பிரசாதம். சாமிக்குப் படைச்சதை விட்டிட்டு வந்தாக் குற்றம். அதுக்குத்தான் நான் தயிர் வாளி ஒண்டு கொண்டுபோறனான். இரண்டு நாளைக்குக் காணும். பிரசாதத்தையும் பிச்சையையும் ஒண்டாப் பாக்கிற சனத்தோட என்னத்தைக் கதைக்கிறது?

முந்திக் கீழ வாடகைக்கு இருந்தவையைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டு எங்கயோ போட்டன்.

நிரோஜினி எண்டு பேர். முல்லைத்தீவுப் பக்கம். புருசன் ஜெயரூபன், கார்ச் சாமான் செய்யிற ஃபக்டரியில வேலை. இரண்டு பெம்பிளைப் பிள்ளையள். மொத்தம் நாலு பேர். இந்த நாலை நல்லா ஞாபகம் வைச்சிரும், பிறகு தேவைப்படும்.

வந்த முதல் கிழமையே அவள் ஒரு சட்டியோட படியேறி வந்தாள். எவர்சில்வர்ச் சட்டி, மூடி போட்டது. "அன்ரி, கொஞ்சம் கூடச் சமைச்சுப்போட்டன், எடுங்கோ." உள்ள சோறு, பருப்பு, வாழைக்காய் பொரிச்ச குழம்பு. சரி, புதுசா வந்த இடத்தில ஆசைக்குக் குடுக்கிறாள் எண்டு வாங்கினன். அடுத்த நாளும் வந்தாள். "அன்ரி, இண்டைக்கும் கூடிப்போச்சு." அதுக்கடுத்த நாளும் கூடிப்போச்சு. ஒரு நாளும் இவளுக்குக் குறையிறேல்லை! ஒருக்கா உடுப்புத் தோய்க்கக் கீழ போனபோது பாத்தன், அளவுச் சுண்டால அரிசியை அள்ளி அள்ளிப் போடுறாள். பெரிய ஆக்கள் இரண்டு, குருவி மாதிரிப் பிள்ளையள் இரண்டு. அதுக்கு மூண்டு சுண்டு அரிசி! "எடி பிள்ளை, இரண்டு காணுமே" எண்டன். "எனக்கு அளவு தெரியாது அன்ரி" எண்டு சிரிக்கிறாள். வயலுக்குள்ள பிறந்த சனமெல்லோ, கண்டபடி அள்ளிப் பழகியிட்டினம். யாழ்ப்பாணத்தில ஒரு வீட்டில இப்பிடிச் சமைச்சா மாமிமார் விட்டுவைப்பினமோ?

சமைக்கவும் தெரியாது. முதல் நல்ல உறைப்பா வைச்சவள், பிறகு உறைப்பே இல்லை. சோத்தைக் குழைய விட்டிடுவாள். வெள்ளைப் பச்சையரிசி கிடக்க, சிவப்பரிசியைப் போட்டு அவிப்பாள். என்ர பல் செட் கழண்டு கழண்டு விழுறதால எனக்கு அந்தக் குழைஞ்ச சோறு ஒருமாதிரிச் சரிவந்திட்டுது. வேற ஆராவது எண்டா அவளின்ர முகத்துக்கு நேர சொல்லியிருப்பினம்.

ஆனா ஒண்டு பிள்ளை. எங்கட வீட்டில வெறுஞ் சட்டி திருப்பிக் குடுக்கிற பழக்கமில்லை. ஒருத்தர் சட்டியில ஏதும் தந்தா, கழுவி, உள்ள எதையாவது வைச்சுத்தான் குடுக்கவேணும். ஊரில என்ர அம்மா தேங்காய்ப் பாதி வைப்பா, முருங்கைக்காய் வைப்பா. இஞ்ச யன்னல் கரையில கறிவேப்பிலை வைச்சிருந்தனான், அதில ஒரு நெட்டு முறிச்சு வைச்சுக் குடுப்பன். குளிருக்கு அது பட்டுப்போச்சு. பிறகு தேசிக்காய் ஒண்டொண்டா வைச்சன். தேசிக்காய் விலை ஏறிச்சுது, ஒரு கை சீனி வைச்சன். எனக்குத்தான் சீனி ஆகாதே, போனாப் போகுது. பிறகு போத்தல்ச் சீனியும் முடிஞ்சுது, இந்தப் பக்கெட்டுச் சீனியில நாலைஞ்சு வைச்சன். ஒருநாள் அதுவுமில்லை. பெட்டகம், லாச்சி எல்லாம் தேடினன். பேர்கர் கடையில தாற தக்காளிச் சோஸ் பக்கெட் இரண்டு கிடந்துது. அதை வைச்சுக் குடுத்தன். வெறுஞ் சட்டியா மட்டும் குடுக்கேல்லை.

அவள் மூடியைத் திறந்து பாத்தாள். அந்தச் சோஸைப் பாத்தாள், என்ர முகத்தைப் பாத்தாள், திரும்பச் சோஸைப் பாத்தாள். சோஸ் கண்டறியாதவள் போல. சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அடுத்த நாளிலயிருந்து சட்டி பெரிசாப் போச்சு. சோஸ் கிடைச்ச சந்தோசமாக்கும். மத்தியானத்துக்கு ஒண்டு, பின்னேரத்துக்கு ஒண்டு எண்டு இரண்டு தரம் வரத் தொடங்கிச்சுது. நானும் எடுத்து வைச்சுச் சாப்பிட்டன். சாப்பாட்டை எறியிறது பாவம் எண்டு. வேற ஒண்டுக்குமில்லை.

போன புரட்டாதியில ஜெயரூபனுக்கு வேலை போட்டுது. ஃபக்டரியில ஒரு ஷிப்டையே நிப்பாட்டிப்போட்டான். வாடகையைப் பிந்தாமல்தான் தந்தவை, அதைப் பொய் சொல்லக்கூடாது. சட்டியும் நிக்கேல்லை. ஆனா உள்ள வாறது மாறிப்போச்சு. டின் கடலை வரும். டின் சோளம் வரும். மக்கரோனியைத் தாளிச்சு அனுப்புவாள். சீனிப் பாணியில்லாத பீச்சஸ் பழம் ஒரு கிண்ணத்தில வரும். எனக்கு அது நல்ல விருப்பம், மெத்தெண்டு இருக்கும். வெள்ளைக்காரச் சாப்பாடு பழகுகினமாக்கும் எண்டு நினைச்சன். எடுப்புத்தானே எங்கட சனத்துக்கு!

அப்பதான் இராசமலர் என்னைக் கோயில்ல பிடிச்சாள். அவள் அந்தச் சேர்ச்சில வொலண்டியர். புண்ணியத்துக்குச் செய்யிறாளாம். புதினம் பிடுங்கப் போறாள் எண்டு எனக்குத் தெரியாதோ.

"அக்கா, உங்கட கீழ் வீட்டுப் பிள்ளை எங்களிட்ட வாறவள், தெரியுமோ?" எண்டாள்.

எனக்குத் தலையில தண்ணி ஊத்தின மாதிரி இருந்துது. என்ர வீட்டு விலாசத்தைச் சொல்லியெல்லோ எடுக்கிறாள்! ஊர் என்ன நினைக்கும்?

"பாவம், ஐஞ்சு பேருக்கு எடுக்கிறவள்" எண்டாள்.

"ஐஞ்சோ? நாலு பேர்தானே!"

"இல்லையக்கா, ஐஞ்சு. வயசுபோன அம்மா ஒராள் இருக்கிறாவாம். அவவுக்குச் சலரோகமாம், பல்லும் சரியில்லையாம். சீனி போடாத பழ டின் வந்தா எடுத்துவையுங்கோ எண்டு ஒவ்வொரு முறையும் கேக்கிறவள்."

எனக்கு ரத்தம் கொதிச்சுது. பிள்ளை, அவளின்ர தாய் முல்லைத்தீவில இருக்கிறா! நானே வீடியோ கோலில பாத்துக் கதைச்சனான். மனுசி கச்சான் கடலை சப்பிக்கொண்டெல்லோ கதைச்சது. கடக் கடக்கெண்டு சத்தம் இஞ்ச கேட்டுது. அந்த மனுசிக்குப் பல்லில்லையாம்! சலரோகமாம்! அங்க நல்லா இருக்கிற தாயை இஞ்ச நோயாளியாக்கி, அவவின்ர பேரில பழம் வாங்கித் தின்னுதுகள். பெத்த தாயை வைச்சுப் பொய் சொல்லுற சனம் உருப்படுமோ?

இதை நான் இராசமலருக்குச் சொன்னன். அவள் என்னை ஒருமாதிரிப் பாத்தாள். பிறகு கையைப் பிடிச்சு, "அக்கா, இதை இதோட விடுங்கோ. ஒருத்தரிட்டயும் கதைக்காதேங்கோ" எண்டாள். களவுக்குத் துணை போறவள்! அவளும் ஒரு பங்கு எடுக்கிறாளோ ஆருக்குத் தெரியும்.

நான் விடுவனோ? வியாழக்கிழமை நானே போனன். லைனில நிக்கேல்லை, அதைக் கவனியும். நேர உள்ள போய், பொறுப்பா இருக்கிற வெள்ளைக்காரியைக் கேட்டு, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். என்ர வீட்டில கீழ நாலு பேர், நாலே நாலு பேர், ஐஞ்செண்டு சொல்லுறது பொய். அவள் கேட்டுக்கொண்டிருந்திட்டு என்ன சொன்னவள் தெரியுமோ? "இவ்வளவு தூரம் வந்திட்டீங்கள், நீங்களும் ஏதும் எடுத்துக்கொண்டு போங்கோவன்" எண்டாள்! என்ர முகத்தில என்ன எழுதி ஒட்டியிருக்கோ! நான் திரும்பிப் பாராமல் வந்திட்டன். மேசையில சூப் வைச்சிருந்தினம், நல்ல வாசமா இருந்துது, எண்டாலும் திரும்பிப் பாக்கேல்லை.

பின்னேரம் அவையைக் கூப்பிட்டன். இந்தக் கதிரையிலதான் நான் இருந்தன், அவை அதில நிண்டவை. நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்டன். "என்ர விலாசத்தில இருந்துகொண்டு பிச்சை எடுக்கிறியள். அது காணாதெண்டு இல்லாத ஆளைச் சொல்லிக் களவும் எடுக்கிறியள். ஆரடி அந்த ஐஞ்சாவது ஆள்? சொல்லு பாப்பம்!"

அவள் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டாள். அவன் ஜெயரூபனுக்குத்தான் முகம் சிவந்துது. "அன்ரி, அந்த ஐஞ்சாவது ஆள்..." எண்டு தொடங்கினான். அவள் அவன்ர கையைப் பிடிச்சு இழுத்தாள். "விடுங்கோப்பா. சொல்லாதேங்கோ. விடுங்கோ." பிறகு என்னைப் பாத்து, "பிழைதான் அன்ரி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டாள். பாத்தீரோ? அவளே ஒத்துக்கொண்டாள். கையும் மெய்யுமாப் பிடிபட்டா வேற என்ன செய்யிறது! மாச முடிவில வீட்டை விட்டு எழும்பச் சொல்லிப்போட்டன்.

அந்த மாதம் சேர்ச்சில நாலு பேருக்குத்தான் குடுத்தவையாம். எனக்குச் சரியான திருப்தி. ஆனா வெக்கமில்லாத சனம் பிள்ளை, எழும்பச் சொன்ன பிறகும் சட்டி வருது! சின்னச் சட்டிக்குத் திரும்பியிட்டாள், எண்டாலும் வருது. என்னைக் காக்கா பிடிக்கப் பாத்தாளாக்கும். நான் மசியேல்லை. சாப்பிட்டன், மசியேல்லை.

மாசிப் பனிக்குள்ள ஆரோ ஒராளின்ர வான் வண்டியைக் கடன் வாங்கிக்கொண்டு வந்து சாமானை ஏத்தினவை. ஒஷாவாப் பக்கம் போறமெண்டு சொன்னவை. மூத்தது வானுக்குள்ள ஏறியிட்டுது. சின்னது மட்டும் "அம்மம்மா, போட்டு வாறன்" எண்டு கையாட்டினது. அம்மம்மா எண்டு கூப்பிடாதை, அன்ரி எண்டு சொல்லு எண்டு நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன்! ஆர் பழக்கிவிட்டதோ. நிரோஜினி கடைசியா வந்து, "அன்ரி, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" எண்டாள். எனக்குப் புத்தி சொல்லுறா அவ.

கதவைப் பூட்டியிட்டு வந்து பாக்கிறன், மேல் படியில அந்தச் சட்டி. பெரிசு. திறந்தா புட்டு, இன்னும் ஆவி பறக்குது. அடியில வாழைப்பழம் இரண்டு. அதை நான் மூண்டு நாள் வைச்சுச் சாப்பிட்டன். பாவமெல்லோ எறியிறது.

அதுக்குப் பிறகு கீழ ஒருத்தரும் வரேல்லை. பாக்க வருகினம், போகினம். வீடு குளிர்ந்துபோய்க் கிடக்கு. கீழ ஆக்களிருந்தா சூடு தன்பாட்டில மேல வரும். இப்ப மத்தியானத்தில அந்தப் படிப்பக்கம் ஏதோ சத்தம் கேக்கிற மாதிரி இருக்கும், எழும்பிப் போய்ப் பாப்பன். ஒண்டுமில்லை. சட்டையெல்லாம் லூசாப் போச்சு. டொக்டர் போன கிழமை, "ஒழுங்காச் சாப்பிடுறீங்களோ?" எண்டு கேக்கிறார். விரதம் எண்டு சொன்னன். உந்த வெள்ளைக்காரருக்கு விரதம் விளங்குமோ?

ஏன் பிள்ளை எழும்பிறீர்? தேத்தண்ணி அப்பிடியே கிடக்கு. இன்னும் கீழ பாக்கேல்லையே.

என்ன?

நீரும் போறனீரோ? வியாழக்கிழமையிலோ?

...இரும். இரும் பிள்ளை, கதவடியில நிண்டு கதைக்காமல் இரும். உண்மையைச் சொன்னீர், அது நல்லது. பொய் சொல்லிறதுதான் எனக்குப் பிடியாது. நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்னன். இந்தக் காலத்தில ஆர்தான் போகேல்லை? பெரிய பெரிய ஆக்களெல்லாம் போகினம். தொப்பி ஒண்டைப் போட்டுக்கொண்டு போம், ஆருக்குத் தெரியப்போகுது. ஆனா ஆக்களின்ர தொகையைச் சரியாச் சொல்லும். நீரும் அவரும் எண்டா இரண்டு. மூண்டு எண்டு சொல்லப்படாது, என்ன?

வாரும், கீழ காட்டுறன். பிடிச்சுக்கொண்டு இறங்கும். எனக்கும் கொஞ்சம் கையைத் தாரும், வெறுவயிறு, தலை சுத்துது. இதுதான் குசினி. அடுப்பு நல்ல அடுப்பு. நீர் ஒவ்வொரு நாளும் சமைக்கிறனீரோ, கடையில வாங்கிறனீரோ? சமைக்கிறனீரோ. அதுதான் நல்லது. இரண்டு பேருக்கு எத்தினை சுண்டு போடுவீர்? ஒண்டோ? ஒண்டு போட்டா இந்த அடுப்பில அடிப்பிடிக்கும் பிள்ளை. ஒண்டரை போடும். கொஞ்சம் குழைய விட்டா இன்னும் நல்லது.

இந்தா, இந்தச் சட்டி முந்தி இருந்தவையின்ர. திருப்பிக் குடுக்க விலாசமில்லை. குடுக்கிறதெண்டாலும் வெறுஞ் சட்டியா எப்பிடிக் குடுக்கிறது, அதுதான் மினுக்கி வைச்சிருக்கிறன். நீர் எடுத்துப் பாவியும். சோறு கூடிப்போச்செண்டா இதில போட்டு மேல் படியில வைச்சுவிட்டு ஒருக்காத் தட்டும். மெல்லத் தட்டினாலே எனக்குக் கேக்கும்.